வேங்கைக்கு வலப்பக்கம்

இறந்தவரின் சாம்பலைக் கொடுத்தால் ஜவ்வாது மலையில் அவர் பெயரில் ஒரு மரம் நட்டுத் தருகிறார்கள். தினமும் அந்தியில் அந்த மரங்களைப் படமெடுத்து வீடுகளுக்கு அனுப்புவது என் வேலை.

இன்று சரிவில் காட்டுத்தீ ஏறி வந்துகொண்டிருந்தது. பூங்காவனம் அம்மாளின் மகனுக்கு நட்ட வேங்கையை அது இன்னும் தொடவில்லை. மரத்துக்குப் பின்னால் வானம் செக்கச்செவேலென்று இருந்தது. அவசரமாக ஒரு படம் எடுத்து, “சூரியன் எறங்குதும்மா. புள்ள நல்லா இருக்கான்” என்று அனுப்பினேன்.

உடனே அழைத்தார்.

“ஆறு வருசமா பாக்குறேன் கண்ணு. சூரியன் அவனுக்கு எடதுபக்கந்தான் எறங்கும். இது வலதுபக்கம் செவந்திருக்கு.”

தீ ஏறி வரும் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“அவன விட்டுட்டு நீ கீழ ஓடிடு. போய்ச் சேந்ததும் உன் மூஞ்சிய ஒரு படம் புடிச்சி அனுப்பு.”