சுவரோரத்து மண்

நான்கு தட்டுகளில் மூன்று சுத்தமாக இருந்தன. சுவர்ப் பக்கத்துத் தட்டில் மட்டும் மண்ணே தெரியாமல் பச்சை முளைத்திருந்தது.

உதுமான் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக் குனிந்து பார்த்தான்.

அவன் வயலின் நான்கு பக்கத்திலிருந்தும் மண்ணை அள்ளித் தட்டில் பரப்பி, நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்துவரச் சொன்னவள் வேளாண்மை அதிகாரி கார்த்திகா. மண்ணுக்குள் எந்த விதை ஒளிந்திருந்தாலும் தலைகாட்டிவிடும் என்று சொல்லியிருந்தாள். இதோ, காட்டிவிட்டது.

"ஏக்தம் காஜர் காஸ்தான், பாய். பார்த்தீனியம்." கேரட் இலை மாதிரி இருந்த அந்தக் குட்டி இலையை அவள் விரலால் விரித்துக் காட்டினாள். "விதை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மழைத்தண்ணியோட இறங்கி வருது. தாய்ச்செடி அங்கதான் நிக்கணும்."

சுவருக்கு அந்தப் பக்கம் கபரஸ்தான், ஊரார் அடக்கமாகிற இடம்.

ஒரு வருடமாக இந்தச் சனியனோடுதான் அவனுக்கு மல்லுக்கட்டு. தரையோடு தரையாக இலையை விரித்துப் படுத்திருக்கும்போதே பிடுங்கிவிடுவான். பிடுங்கிப் பிடுங்கிக் கையெல்லாம் தடித்து, சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது. ஒரு மழை பெய்தால் போதும், மறுபடி முளைத்துக் கிடக்கும்.

எங்கிருந்துதான் வந்து தொலைக்கிறது என்று வேலியோரம், வாய்க்காலோரம், ரோட்டோரம் என வண்டூர்க் கிராமம் முழுக்கக் குனிந்து குனிந்து தேடியாயிற்று. படுத்துக் கிடக்கிற இலையைத்தான் அவனுக்குத் தெரியும். வயலில் அதை ஒரு நாளும் எழுந்து நிற்க விட்டதில்லையே.

ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டுகளுக்குப் போகவேண்டிய மிளகாய், செடி கொள்ளாமல் காய்த்துக் கிடந்தது. தாய்ச்செடியைக் கண்டுபிடித்து அழிக்காவிட்டால் திங்கட்கிழமை கார்த்திகா வயலைப் பூட்டியாக வேண்டும். காயோ நாற்றோ ஒரு பிடி மண்ணோ வெளியே போகக் கூடாது. போர்ட் பிளேரில் இருந்த கடையை விற்று வாங்கிய நிலம் இது. இதுவும் போனால் பிழைப்புக்கு எங்கே போவான்? நினைக்கும்போதே அழுகை முட்டியது.

"கொஞ்சம் டைம் குடுங்க மேடம்," என்றான். குரல் கெஞ்சியது.

"மழை வந்துட்டா வண்டூர் பூரா பரவிடும், பாய். டைம் என் கையில இல்ல." கார்த்திகா கைபேசியை எடுத்துத் தேடி ஒரு படத்தைக் காட்டினாள். "வளர்ந்தா ஆளே மாறிப்போயிடும். இடுப்பு உசரம் நிக்கும். பூ இப்படி இருக்கும். அந்தப் பக்கம் எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

உதுமான் பார்த்தான். கைபேசியை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"இல்ல மேடம். பார்த்ததில்ல."

"அப்ப பூட்டுறதைத் தவிர வேற வழியில்ல."

பூட்டட்டும். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

டீ கொண்டு வந்த அவன் மனைவி மஸூதா, புருஷன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டாள். டம்ளர்களை வரப்பில் வைத்துவிட்டு, அவன் கையிலிருந்த கைபேசியை வாங்கினாள்.

வெள்ளைப் பூ. மூக்குத்தி அளவு. ஐந்து முனை.

அந்தப் பூவை அவள் கண்ணால் கண்டதே இல்லை. அவர்கள் குடும்பத்துப் பெண்கள் கபரஸ்தானுக்குள் போகிற வழக்கமில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடிந்து கபரஸ்தானுக்கும் போய் வருகிறவனை வாசலிலேயே மறித்து, பூத்திருக்கா, நிறைய இருக்கா, வாடாம இருக்கா என்று கேட்பாள். அவனும் அலுக்காமல் நிறம், அளவு, முனை என்று ஒவ்வொரு பூவாகச் சொல்வான்.

"இது நம்ம நிதா மேல பூத்திருக்கிறதுதானேங்க?"

உதுமான் ஒரு டம்ளரை எடுத்து, குடிக்காமல் வரப்பிலேயே திரும்ப வைத்தான்.

மகள் போய் இரண்டு வருடம் ஆகிறது. கபர் மேல் பச்சை இருக்கும்வரை அது இறைவனைத் துதித்துக்கொண்டிருக்கும், உள்ளே இருக்கிறவர்களுக்கு லேசாக இருக்கும் என்பார்கள். அதனால் அங்கே காய்ந்த புல்லைத்தான் செதுக்குவார்கள், பச்சையில் யாரும் கைவைக்க மாட்டார்கள். நிதாவின் மேல் இந்தச் செடி, வயலில் களை தலைகாட்டுமுன்பே, யாரும் நடாமல் தானாக வந்தது. வெயிலில் கருகிவிடக் கூடாதே என்று குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவன் உதுமான்தான்.

வயல் போனால் எங்கேயாவது கூலிக்குப் போய்க்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை வாசலில் நிற்கிறவளிடம் என்னவென்று சொல்வது? அதற்காகத்தான் பொய் சொன்னான்.

மஸூதா மிளகாய்ச் செடிகளைப் பார்த்தாள். அவனுடைய புண்ணான கைகளைப் பார்த்தாள்.

"நீங்களே போய்ப் புடுங்கிடுங்க," என்றாள். "வேற யார் கையும் பட வேணாம்."

கார்த்திகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பையிலிருந்து கையுறைகளை எடுத்து நீட்டினாள். அவன் அதை வாங்காமலே சுவரைப் பார்த்து நடந்தான்.

மஸூதா கைபேசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வெளிச்சம் அணையப்போகும் போதெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டு, அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதை எனக்கு அனுப்பி விடுறீங்களாம்மா?"