கங்காணிக்குத் தலைசுற்றல்

லோரியில் அடுக்கிய கொழுந்து மூட்டைகளை அண்ணாந்து பார்த்த கங்காணி ஜெகதீஸ்வரன், தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்காருகிறார். பனி இன்னும் விலகவில்லை. அவர் விரல்களுக்குள் இலைகள் நசுங்குகின்றன. "எல்லாம் சுத்துது லா," என்கிறார். போன மாதம் குனிந்து நிமிர்ந்தபோது என் அம்மாவும் இப்படித்தான் தலைசுற்றி விழுந்தாள். "நல்லா நடிக்கிற வேலாயி, சினிமாவுல சேர்ந்துடு லா," என்று எல்லார் முன்னாலும் சிரித்தவர் இவர்தான். இப்போது அதே அம்மா அவர் தோளைப் பிடித்து, "தலையத் திருப்பாதீங்க கங்காணி, திருப்புனா இன்னும் சுத்தும்," என்கிறாள். அவர் கண்களை மூடி அசையாமல் இருக்கிறார். மூச்சு மெல்லச் சீராகிறது. நான் யாரிடமும் வாய் திறக்காதவள். செடிகளைச் சுற்றிக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் நிற்கிறேன். "கங்காணி!" என்று உரக்கக் கூப்பிடுகிறேன். அவர் சட்டென்று திரும்புகிறார்.