டிக்கியில் இல்லாத சக்கரம்

உச்சி வெயிலில் நெடுஞ்சாலை ஓரமாகக் கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. பின் டயர் ஈரத்துணிபோல் துவண்டு கிடக்கிறது. மகளின் பிரசவத்துக்குக் கிளம்பி வரும் வழியிலேயே, அவளுக்கு வலி எடுத்துவிட்டதென்று மருமகன் போன் செய்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்கு இன்னும் இருநூறு கிலோமீட்டர். காரை ஓட்டி வந்த அப்பா டிக்கியிலிருந்து பைகளை இறக்கி, பழைய பழக்கத்தில் அடி விரிப்பைத் தூக்குகிறார். ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு தகடு, அதன்மேல் ஒரு செத்த ஈ. "என்னங்க, சக்கரம் எங்க?" என்கிறாள் மனைவி. "இந்தக் காருக்கு ஸ்டெப்னியே கிடையாது. ரன்ஃப்ளாட் டயர். காத்து போனாலும் எண்பது கிலோமீட்டர் ஓடும்." "அப்ப எடுங்க வண்டிய!" அவர் குனிந்து பின் டயரைத் தொட்டுப் பார்க்கிறார். கடந்துபோகும் லாரியின் காற்றில் கார் ஒருமுறை ஆடி அடங்குகிறது. ஸ்டெப்னி இல்லாத வண்டி, இந்த டயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்று கார் விற்றவர் படித்துப் படித்துச் சொன்னது இப்போதுதான் காதில் விழுகிறது. "போன மாசம் அதக் கழட்டிட்டு சாதா டயர் போட்டுட்டேன். அது கல்லு மாதிரி, தூக்கித் தூக்கிப் போடும்." "நமக்குத்தான் அது பழகிப்போச்சே!" "நமக்காக இல்லடி. பேரப்பிள்ளையத் தூக்கிட்டு வர்றப்ப குலுங்கக் கூடாதுன்னு..." முன்சீட்டில் போன் அடிக்கிறது. எடுக்க இருவருக்கும் கை வரவில்லை.