பின்னால் வரும் சொல்

“‘கேம்’னு நிறுத்தாதீங்கப்பா. ‘கேம் பேக்’. திரும்பி வந்தான்.”

சமிசோனி தட்டிலிருந்த கிழங்கைத் தொடவில்லை. “ஹீ வென்ட் அவுட். ஹீ கேம்...”

“ஞாயித்துக்கிழமை சர்ச்ல மணிக்கணக்கா பிரசங்கம் பண்றீங்க. ஒரு குட்டி வார்த்தை வாயில ஒட்ட மாட்டேங்குதா?” என்றாள் மகள் லோசே.

“நம்ம டோங்கன் மொழியிலயே சொல்றேனேம்மா. கோர்ட்டுல மொழிபெயர்க்க ஆள் தருவாங்களாம்.”

“நீங்களே இங்கிலீஷ்ல சொன்னாத்தான் நம்புவாங்க. தம்பி நம்மகூட இருக்கணுமா, வேண்டாமா?”

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். “இருக்கணும்,” என்றார்.

மறுநாள் சிட்னி நீதிமன்றத்தில், பெரிய காரியங்களுக்கு டோங்கர்கள் கட்டும் ஓலைப்பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, சமிசோனி சாட்சிக் கூண்டில் ஏறினார். பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். எதிர்க் கூண்டில், போலீஸ்காரர்கள் நடுவே மகன் பெனி.

“அந்தப் பையன் குத்துப்பட்டுச் செத்த ராத்திரி, உங்கள் மகன் எங்கே இருந்தான்?” என்று கேட்டார் பெனியின் வழக்கறிஞர்.

“ஹீ வென்ட் அவுட்.”

அடுத்த வாக்கியத்தை லோசேயின் உதடுகள் ஓசையில்லாமல் எடுத்துக்கொடுத்தன. சமிசோனி அவளைப் பார்க்கவில்லை.

“ஹீ டிட் நாட் கம் பேக்,” என்றார். “விடியும்வரை நான் விழித்திருந்தேன்.”

லோசே முகத்தை மூடிக்கொண்டாள். கைதான நாளிலிருந்து குனிந்தே இருந்த பெனி, முதல்முறையாக அப்பாவை நிமிர்ந்து பார்த்தான்.