பொம்மை தோற்ற ஆட்டம்

“நல்லாப் பாத்துக்கங்க! பல்சக்கரம் இருக்கு, சுருள்கம்பி இருக்கு. உள்ள ஒரு ஈ காக்கா உண்டா, நீங்களே சொல்லுங்க!”

கண்காட்சிக்காரர் பெட்டியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, விளக்கைக் காட்டி மூடினார். பெட்டிக்கு மேல் சதுரங்கப் பலகை. அதற்குப் பின்னால் முறுக்கு மீசை வைத்த மரப்பொம்மை ஒன்று, தோற்றே பழக்கமில்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தது.

“வாத்தியார் வந்தாரு, வக்கீல் வந்தாரு. அத்தனை பேரையும் குதிரையாலயே முடிச்சு அனுப்பியிருக்கு. தைரியம் இருக்கிறவங்க வரலாம்!”

பல்சக்கரம் இருந்தது உண்மைதான். அதற்குப் பின்னால், கதவு திறக்கும் பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்துகொண்டு, உடம்பைச் சுருக்கி ஒருவர் உட்கார்ந்திருந்ததும் உண்மைதான். பொம்மையின் கையை ஆட்டுவது அவர்.

ஆலைத் தீயில் முகம் வெந்து, தொண்டை கருகி, குரல் போனவர். பேச்சே வராத ஆள் பெட்டிக்குள் இருந்தால் நல்லது என்று கண்காட்சிக்காரர் சேர்த்துக்கொண்டார். இந்த முகத்தோடு வீட்டு வாசலில் போய் நிற்க அவருக்கு மனசு வரவில்லை. தீயில் செத்தவர்களோடு தன்னையும் சேர்த்து வீட்டார் அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வெளியே நாற்காலி இழுபட்டது. வந்து உட்கார்ந்தது யாரென்று உள்ளிருந்து தெரியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் நூலில் ஓர் இரும்பு மணி தொங்கும். மேலே காந்தம் வைத்த காய் வந்து நின்றால் மணி மேலே ஒட்டிக்கொள்ளும், காயைத் தூக்கினால் விழும். பெட்டி இடுக்கில் கசியும் வெளிச்சத்தில் அவர் ஆட்டத்தைப் பார்ப்பது அந்த மணிகளில்தான்.

ஓரத்துச் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னால் வந்தது. சரி, ஆட்டம் தெரியாத யாரோ வந்து மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தார். அடுத்ததாக மறு ஓரத்துச் சிப்பாயும் இரண்டு கட்டம் வந்தது.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

“ரெண்டு யானையும் மூலையில மூச்சு முட்டி நிக்குதுப்பா. முதல்ல அதுங்களுக்குக் கொஞ்சம் காத்து வரட்டும்.” நாற்காலியில் முட்டி போட்டு நின்றுகொண்டு இப்படிச் சொல்லித்தான் ஒருத்தி ஒவ்வொரு ஆட்டத்தையும் ஆரம்பிப்பாள். உலகத்தில் வேறு யாரும் இப்படி ஆரம்பிக்க மாட்டார்கள்.

வெளியே உட்கார்ந்திருப்பது அவர் மகள்.

அந்த யானைகளை அவர் ஒரு நாளும் விட்டுவைத்ததில்லை. பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழும். “பச்சப்புள்ளகிட்ட ஒரு ஆட்டம் தோத்தா உங்க கிரீடம் இறங்கிடுமா?” என்று சமையலறையிலிருந்து மனைவி கத்துவாள். “அவளாவே ஜெயிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் காய் அடுக்குவார். இத்தனை வருஷமும் பெட்டிக்குள் அவரை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். ஒரே ஒரு தடவை தோற்றிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ஆட்டம் வளர்ந்தது. மகள் இப்போது நன்றாகவே ஆடினாள். அவர் விரித்த வலையிலிருந்து ஒரு யானையைச் சாமர்த்தியமாகக் காப்பாற்றிக்கொண்டு போனபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் கடைசியில், குதிரை ஒரு தாவு தாவினால் அவள் ராஜாவுக்கு நகர இடமில்லை என்று வந்து நின்றது.

பொம்மையின் கை குதிரைக்கு மேல் போனது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கை விலகிப் போய், தன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை நகர்த்தி, அவள் ராணி உள்ளே வர வழி திறந்துவிட்டது.

வெளியே வெகுநேரம் ஒரு காயும் அசையவில்லை. புரிந்துகொண்டாள், அழுகிறாள் என்று அவர் நினைத்தார். அவரும் அழுதார். பிறகு ராணி மெல்ல உள்ளே வந்தது. அவர் தலைக்கு மேல் மணி ‘டக்’கென்று ஒட்டியது.

“பொம்மை தோத்துடுச்சுடோய்!” கூடாரமே அதிர்ந்தது. கண்காட்சிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்து, திரையை இழுத்து மூடினார்.

கடைசி ஆள் வெளியேறும் வரை பெட்டியின் பூட்டைத் திறப்பதில்லை என்பது கண்காட்சிக்காரர் போட்ட சட்டம். உள்ளே அவர் காத்திருந்தார். மகள் எங்கே போய்விடப்போகிறாள்? கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் திரையை விட்டு நகர மாட்டாள், அப்பனைப் போல அழுத்தக்காரி. இருட்டில் சட்டைப் பொத்தான்களைச் சரிசெய்துகொண்டார். வெந்த கன்னம் மறைகிறதா என்று முடியை முன்னால் இழுத்துவிட்டுப் பார்த்தார். முதலில் முகத்தைக் காட்டுவதா, கையை நீட்டுவதா என்பதுதான் இப்போது அவருடைய ஒரே கவலை.

கூடார வாசலில் அவளுடைய தாய்மாமன் நின்றுகொண்டிருந்தார். போன ஊரில் இந்தப் பொம்மை ஆடியதைப் பார்த்துவிட்டு, ‘பெட்டிக்குள்ள ஆள் இருக்கான், அந்தக் குதிரை ஆட்டம் அப்படியே மச்சானோட ஆட்டம்’ என்று அடித்துச் சொல்லி அவளைக் கூட்டிவந்தவர் அவர்தான்.

“என்னம்மா, உள்ள இருக்கிறது உங்கப்பாதானே?”

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

“இல்ல மாமா, வாங்க போலாம். அப்பாவா இருந்தா என்னை ஜெயிக்க விட்டிருக்க மாட்டாரு.”