அட்டைப் படம்

“எப்படி வந்தனீங்கள், சேர்?”

மூன்றாம் தரத்தில் படிக்கும் வினோஜா எழுந்து நின்று கேட்டாள். நான் கதை சொல்லி முடித்து, இனிக் கேள்வி கேட்கலாம் என்று வாயை மூடுவதற்குள் அவள் கை உயர்ந்துவிட்டது.

நான் எதிர்பார்த்த கேள்வி அதுவல்ல. என் கதையில் அணில் ஏன் கோபித்துக்கொண்டு போனது என்று கேட்பார்கள் என நினைத்து, பதிலைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தேன். எழுத்தாளரை நேரில் கண்டால்தான் பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆசை வரும் என்று பாடசாலை அதிபரும் சற்று முன்னர் நீட்டி முழக்கியிருந்தார்.

நல்லூரிலிருந்து நெல்லியடி வரை பஸ், அங்கிருந்து கரவெட்டிக்கு ஓட்டோ என்றேன்.

அவள் வாய் பிளந்தாள். பஸ்ஸில் வந்ததில் என்ன அதிசயம்? இருக்க இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்ததையும் சொன்னேன். அதையும் கவனமாகக் கேட்டாள். ஆனால் உட்காரவில்லை.

“அங்கையிருந்து வர விட்டவையோ?”

எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. மனைவியிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன் என்று பகிடி விட்டேன். மண்டபமே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

காலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் என் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்திருந்தேன். அட்டையில் அணில் போடலாம் என்று பதிப்பகத்தார் சொல்ல, என் முகம்தான் வரவேண்டும் என்று நான் அடம்பிடித்த புத்தகம். வினோஜா அந்த முகத்தில் விரலை வைத்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். படத்தில் எனக்குத் தலைமயிர் கொஞ்சம் அதிகம். அதுதான் சந்தேகமாக்கும் என்று, அது நானேதான் என்றேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

இத்தனை வருடம் எழுதியும் என்னைக் கண்டு யாரும் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. ஏன் என்று புரியாவிட்டாலும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். அதை ஒளிப்பானேன்?

அவளை இருத்துவதற்காக அவளின் வகுப்பு ரீச்சர் குணலட்சுமி விரைந்து வந்தார். விரல் இருந்த இடத்தைக் கண்டதும் நின்றுவிட்டார். பிறகு என் காதோடு சொன்னார்.

வினோஜாவின் தாய் அண்மையில்தான் மோசம்போனவராம். இறந்த முப்பத்தோராம் நாளுக்கு, ஊர் வழக்கப்படி, அட்டையில் தாயின் படத்தைப் போட்டு நினைவு மலர் அடித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்களாம். பாடப் புத்தகங்களை விட்டால் அந்த வீட்டில் இருக்கும் புத்தகம் அது ஒன்றுதான். நேற்று வகுப்பில் ரீச்சர், புத்தகத்தில் படம் இருக்கிறவர் நாளைக்கு நேரிலேயே வருவார் என்று சொல்லியிருக்கிறார்.

“என்னிலைதான் பிழை, சேர்” என்றார்.

யாரில் பிழை என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் புத்தகம் வேறு, இந்தப் புத்தகம் வேறு என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். அதை எந்த வார்த்தையில் சொல்வது? நானோ சொல்லை வைத்துப் பிழைக்கிறவன்.

வினோஜா வரிசையை விட்டு வெளியே வந்தாள். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டாள்.

“அம்மா தனிய பஸ்ஸிலை வரமாட்டா. அடுத்தமுறை வரேக்கை கூட்டிக்கொண்டு வாறியளோ?”