வளைவில் ஆடிய வண்டி

நாள் முழுக்க ஓட்டி வந்ததில், வளைவு வந்தாலே பைக் ஆடியது. இரண்டு இடத்தில் விழப் பார்த்தேன். மெக்கானிக் பேரிங்கை அசைத்தார், டயரில் காற்றைப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், வண்டி ஆடவில்லை.

“பின்னாடி உக்காந்து வந்தவரு வளைவுல எதிர்ப்பக்கமா சாஞ்சிருக்காருண்ணே. பயந்த ஆளோ?”

“தனியாத்தான்யா வந்தேன்.”

“அப்ப இது?”

பின்பக்க ஃபுட்ரெஸ்ட்டில் ஈரச் சிமென்ட் ஒட்டியிருந்தது.

அப்படிச் சாய்கிறவன் என் மச்சான் ஒருத்தன்தான். கொத்தனார். போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தான்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சிரிப்பு சிரிப்பாக வந்தது. வண்டியைக் கிளப்பினேன்.

“டேய் பயந்தாங்கொள்ளி, நான் சாயுற பக்கமே சாயுடா!”

அடுத்த வளைவில் வண்டி துளியும் ஆடாமல் திரும்பியது.